ராத்திரி ஒன்பதரை மணி ரத்தம்

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த சந்துக்கு அவர்கள் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் வருவார்கள். ஒருவர் கையில் டார்ச் லைட், இன்னொருவர் தோளில் மரப்பெட்டி. சாப்பாடு முடிந்து வாசலில் பாய் விரிக்கிற நேரம். பெட்டியைத் திறந்தால் கண்ணாடித் துண்டுகள், பஞ்சு, ஸ்பிரிட், ஊசி, ஓரம் கிழிந்த நீள நோட்டு. "விரலை நீட்டு தம்பி." சுருக்கென்று ஒரு குத்து. பிதுக்கி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துக் காசு அகலத்துக்குப் பரப்புவார்கள். பெயர், வயது, கதவு எண். அடுத்த வாசல்.

எதிர்வீட்டு ஆயாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. "இன்னாப்பா இது, பிசாசு மாதிரி ராத்திரில வந்து ரத்தம் எடுக்கிறீங்கோ? பகல்ல வந்தா இன்னா?" என்று கேட்கும். பெட்டிக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "பகல்ல புழு தூங்கும் ஆயா. ராத்திரிதான் வெளிய வரும்." ஆயா விடாது. "தூங்கட்டுமே, தூங்கும்போது புடி." அதன் வலது கால் முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி இருக்கும். தோல் மரப்பட்டையாகத் தடித்து, விரல்கள் அந்தத் தடிப்புக்குள் புதைந்து கிடக்கும். எந்தச் செருப்பும் நுழையாது. யானைக்கால்.

ஆயாவின் கேள்வியைக் கேட்டுச் சந்தே சிரிக்கும். ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய பெரிய மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. பெட்டிக்காரர் சொன்ன பதில் முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசி தெரிய மருத்துவத்துக்கு எழுபது எண்பது வருஷம் பிடித்தது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் யானைக்காலுக்குக் காரணம் ஊச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழு. பார்க்கத் தையல் நூல் மாதிரி இருக்கும். பெண்புழு எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் நீளம். அது குடியிருக்கும் இடம் நிணநீர்க் குழாய். ரத்தக்குழாயிலிருந்து கசிந்து சதைக்குள் தேங்கும் நீரைத் திரட்டி மறுபடி ரத்தத்தில் கொண்டுபோய் விடுகிற வடிகால் அது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறி இந்த வடிகாலின் வடிகட்டி. புழு அங்கே ஐந்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினால் குழாய் விரிந்து, உள்ளே இருக்கும் வால்வுகள் கெட்டு, நீர் மேலே ஏறாமல் நிற்கும். வடிகால் கெட்டால் தெரு என்ன ஆகும் என்று வியாசர்பாடிக்காரருக்கும் புளியந்தோப்புக்காரருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெண்புழு லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். மைக்ரோஃபைலேரியா என்று பெயர். கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம், ரத்தத்தில் நீந்தித் திரியும். பிறந்த உடம்பிலேயே இருந்தால் அது பெரிய புழுவாக வளரவே வளராது. ஒரு கொசு அதை உறிஞ்ச வேண்டும், கொசுவுக்குள் பத்துப் பன்னிரண்டு நாள் வளர வேண்டும், பிறகு இன்னொரு மனிதரிடம் போய்ச் சேர வேண்டும். இன்றைக்கு இதை ஒரு மூச்சில் எழுதிவிடுகிறோம். இதன் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு ஊரில், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆட்களால் கிடைத்தது.

வீங்கிய கால் என்னவோ நெடுங்காலமாகத் தெரிந்த சங்கதிதான். சுசுருத சம்ஹிதை அதை ஸ்லீபதம் என்கிறது. பழைய நீர் தேங்கிக் கிடக்கிற, எந்தப் பருவத்திலும் குளிர்ச்சியாக இருக்கிற தேசங்களில் அது அதிகம் வரும் என்றும் சொல்கிறது. தேங்கிய நீரைப் பார்த்திருக்கிறார்கள், காலைப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் பறந்த கொசுவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. குற்றம் சொல்ல முடியாது. நுண்ணோக்கி இல்லாமல் அந்த முடிச்சை அவிழ்க்க வழியே கிடையாது.

1863-இல் பாரிஸில் தெமார்க்கே என்ற அறுவை மருத்துவர், கியூபாவிலிருந்து வந்த ஒருவரின் விதைவீக்கத்திலிருந்து எடுத்த நீரில் நெளியும் குஞ்சுகளைப் பார்த்தார். என்னவென்று அவருக்குப் புரியவில்லை. 1866-இல் பிரேசிலின் பாயியாவில் ஊச்செரர், பால்போல் வெளுத்த சிறுநீரில் அதே குஞ்சுகளைக் கண்டார். அவர் தேடியது வேறொரு புழுவின் முட்டையை. 1872-இல் கல்கத்தாவில் திமதி லூயிஸ், மனித ரத்தத்திலேயே அவை இருப்பதைக் காட்டினார். 1876 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட், ஒரு நோயாளியின் கைக்கட்டியைக் கீறியபோது தாய்ப்புழு கிடைத்தது. புழுவின் பெயரில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்ட கதை இதுதான். தெமார்க்கே பெயரும் லூயிஸ் பெயரும் அதில் ஒட்டவில்லை.

ஆக, தாய் இருக்கும் இடம் தெரிந்தது, குஞ்சு இருக்கும் இடமும் தெரிந்தது. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது?

சீனாவின் அமோய் துறைமுகத்தில் சுங்கத்துறை மருத்துவராக இருந்தார் பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஊரில் யானைக்காலும் விதைவீக்கமும் மலிந்து கிடந்தன. பெரிய ஆய்வுக்கூடமோ பேசிப்பார்க்கச் சக விஞ்ஞானிகளோ அங்கே இல்லை. அவர் போட்ட கணக்கு எளிமையானது. இத்தனை குஞ்சும் ஓர் உடம்புக்குள்ளேயே வளர்ந்தால் ஆள் செத்துப்போவார். ஆள் சாகவில்லை. அப்படியானால் குஞ்சு வெளியேதான் வளர வேண்டும். ரத்தத்திலிருந்து தானாக வெளியே வர அதற்கு வழியில்லை. ஆகவே ரத்தம் குடிக்கிற ஏதோ ஒன்று வந்து அதை எடுத்துப்போக வேண்டும். மூட்டைப்பூச்சி, பேன், அட்டை எல்லாம் உலகம் முழுக்க இருக்கின்றன, யானைக்கால் அப்படி இல்லை. கொசுவின் பக்கம் அவர் திரும்பியது இப்படித்தான்.

1877-இல் ஹின் லோ என்ற தன் தோட்டக்காரரை, ரத்தத்தில் குஞ்சுகள் நிறைந்திருந்தவரை, ஒரு சிறு அறையில் தூங்க வைத்தார். பக்கத்தில் விளக்கு. கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்துக் கொசுவை உள்ளே விட்டுப் பிறகு மூடிவிட்டார்கள். விடிந்ததும் வயிறு புடைத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த கொசுக்களைப் பிடித்து, மணிக்கணக்கும் நாள்கணக்கும் பார்த்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். குஞ்சு தன்மேல் போர்த்தியிருந்த மெல்லிய உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொசுவின் வயிற்றைத் துளைத்து மார்புச் சதைக்குள் போனது. அங்கே பருத்தது, வாயும் குடலும் முளைத்தன. மனித நோய் ஒன்றின் கிருமி பூச்சிக்குள் வளர்வதை ஒருவர் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. மலேரியா, மஞ்சள் காய்ச்சல், டெங்கு என்று பிற்பாடு கொசுவின் தலையில் விழுந்த பழி எல்லாம் அந்த அறையிலிருந்துதான் தொடங்குகிறது. ராத்திரி முழுக்கக் கடிபட்ட ஹின் லோவைப் பற்றி வரலாற்றில் அவர் பெயரைத் தாண்டி அதிகம் கிடையாது.

இந்த இடத்தில் மேன்சன் சறுக்கினார். அன்றைக்குப் படித்தவர்களிடையே இருந்த நம்பிக்கை, கொசு ஒரே ஒரு தடவைதான் ரத்தம் குடிக்கும், நாலைந்து நாளில் தண்ணீரில் முட்டையிட்டு அங்கேயே செத்துவிழும் என்பது. மேன்சன் பிடித்து வைத்த கொசுக்களும் சில நாளில் செத்தன. தீனி போடாததால் செத்தன என்று அவருக்குத் தோன்றவில்லை. கதையின் மிச்சத்தை அவரே எழுதி முடித்தார்: செத்த கொசுவிலிருந்து புழு தண்ணீரில் இறங்குகிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு நோய் வருகிறது.

எனக்கு அவருடைய கண்டுபிடிப்பைவிட இந்தத் தவறுதான் பிடிக்கும். நுண்ணோக்கியில் பார்த்தது வரைக்கும் அவர் எழுத்தில் பிசகு கிடையாது. பார்க்காத இடத்தை நிரப்பும்போது ஊரார் நம்பிக்கையைக் கடன் வாங்கினார். அந்தக் கடனை அடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் முடிச்சு இருக்க வேண்டும் என்று மெட்ராஸ் ராஜதானி மருத்துவப் பணியிலிருந்த ரொனால்டு ராஸுக்கு ஓதியவர் மேன்சன்தான். கூடவே தன் தவறையும் ஓதிவிட்டார். 1895-இல் செகந்திராபாத்தில் ராஸ், கொசு செத்து மிதந்த தண்ணீரை லட்சுமண் என்ற ஆளைக் குடிக்கவைத்துக் காய்ச்சல் வருகிறதா என்று காத்திருந்தார். லேசாக வந்தும்விட்டது, ராஸ் துள்ளிக் குதித்தார். அடுத்தடுத்துக் குடித்தவர்களுக்கு அப்படி வரவில்லை. 1897 ஆகஸ்டில் உசேன் கான் என்ற நோயாளியைக் கொசு கடிக்கவிட்டுக் கடிக்கு ஒரு அணா கூலி கொடுத்த பிறகுதான் ராஸுக்கு வழி திறந்தது. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு. உசேன் கானுக்குக் கடிக்கு ஒரு அணா.

யானைக்கால் கதையின் அறுந்த இழையைக் கட்டியவர் பிரிஸ்பேன் பான்கிராஃப்டின் மகன் தாமஸ். அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொசுவுக்கு வாழைப்பழம் வைத்தார். நாலு நாளில் செத்துக்கொண்டிருந்த கொசு வாரக்கணக்கில் உயிரோடு இருந்தது, உள்ளிருந்த புழுவும் முழுசாக வளர்ந்தது. அந்தக் கொசுக்களைப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பினார். 1900-இல் ஜார்ஜ் லோ அவற்றைச் சீவல் சீவலாக நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தபோது, புழு கொசுவின் ஊசிவாய்க்குள் வரிசைகட்டி நின்றிருந்தது. குடிதண்ணீர்க் கதை அன்றோடு முடிந்தது. அதே வருஷம் இந்தியாவில் எஸ்.பி. ஜேம்ஸ் என்ற ராணுவ மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

கொசு இந்தப் புழுவை ஊசிபோட்டு ஏற்றுவதில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. கடிக்கிறபோது புழு நழுவித் தோலில் விழுகிறது, கொசு போட்ட ஓட்டையைத் தானே தேடி நுழைகிறது. பெரும்பாலானவை வழியிலேயே காய்ந்து செத்துப்போகும். நுழைந்தவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் சந்திக்க வேண்டும். ஆகவே ஒரு கடியில், ஒரு வாரத்தில் வருகிற நோய் இல்லை இது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கடிபட வேண்டும். விருந்துக்கு வந்தவருக்கு வராது, அந்தச் சாக்கடை ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு வரும்.

ஆயாவின் கேள்விக்கு வருவோம். ஏன் ராத்திரி?

இதையும் மேன்சன்தான் கண்டார், அதுவும் தற்செயலாக. ரத்தம் பார்க்க இரண்டு உதவியாளர்களை வைத்திருந்தார். ஒருவர் பகலில் வேலை பார்ப்பார், மற்றவர் ராத்திரியில். ராத்திரி ஆளின் கணக்கில் எப்போதும் புழு அதிகம். முதலில் பகல் ஆள்மேல்தான் சந்தேகம் வந்திருக்கும். நம் ஊர் அலுவலகமாக இருந்தால் மெமோவே போயிருக்கும். மேன்சன் விடாமல் ஒரே ஆளின் ரத்தத்தை நாள் முழுக்கச் சில மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தார். சாயங்காலம் ஏறத் தொடங்கி, நடுராத்திரியில் உச்சம் தொட்டு, விடியலில் வடிந்து, பகலில் ஒன்றுமே இல்லாமல் போனது. லண்டனில் இதைச் சொன்னபோது, புழுக்கள் என்ன கடிகாரமா கட்டியிருக்கின்றன என்று கேலி செய்தார்களாம்.

1881-இல் ஸ்டீபன் மெக்கன்சி என்ற லண்டன் மருத்துவர் அந்தக் கடிகாரத்தையே திருப்பிவைத்துப் பார்த்தார். நோயாளியைப் பகலில் தூங்கவும் ராத்திரியில் விழித்திருக்கவும் பழக்கினார். சில நாளில் புழுவும் முறை மாறிப் பகலில் வரத் தொடங்கியது. துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிறவரிடம் ஒன்பதரை மணிக்கு ரத்தம் எடுத்தால் கணக்குத் தப்பும். எங்கள் சந்தில் அப்படிப் பலர் இருந்தார்கள்.

பகலில் புழு எங்கே போகிறது? 1890களின் கடைசியில் மேன்சனின் நோயாளி ஒருவர் காலை வேளையில் தற்கொலை செய்துகொண்டார். உடலைப் பரிசோதித்தபோது நுரையீரலில் புழுக்குஞ்சுகள் குவிந்து கிடந்தன. 1950களில் பிராங்க் ஹாக்கிங் என்ற ஆங்கிலேயர் இதன் பின்னாலிருக்கும் சங்கதியைத் துருவினார். நுரையீரலுக்குள் வரும் ரத்தத்துக்கும் அங்கிருந்து போகும் ரத்தத்துக்கும் ஆக்சிஜன் அளவில் வித்தியாசம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் புழு அங்கே தங்குகிறது. ராத்திரியில் நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்தால் விரல் ரத்தத்தில் புழு குறைந்துவிடுகிறது. இந்தியாவுக்கும் வந்து வேலை பார்த்தவர் இவர். மகனைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும், ஸ்டீபன் ஹாக்கிங்.

ஆக, புழு பகலில் தூங்குவதில்லை, நுரையீரலில் காத்திருக்கிறது. யாருக்காக? நம் ஊரில் இதைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு ராத்திரியில் கடிக்கும். பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு இந்த வேலையைச் செய்கிறது. அங்கே இதே புழு பகலிலும் ரத்தத்தில் திரிகிறது. கேலி செய்தவர்கள் சொன்னது பொய்யில்லை. கடிகாரம் இருந்தது, அது கொசுவின் கடிகாரம்.

கியூலெக்ஸுக்கு வடசென்னை எப்படித் தோதான இடமாயிற்று என்பதற்குக் கால்வாய்களைப் பார்த்தால் போதும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், இது சாக்கடைக் கொசு. தண்ணீர் எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவு சந்தோஷம் அதற்கு. 1806-இல் பாசில் காக்ரேன் என்ற வியாபாரி மெட்ராஸிலிருந்து எண்ணூருக்குப் படகு போக வெட்டிய வாய்க்கால், 1870களின் பஞ்ச நிவாரண வேலையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து நீண்டு, அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் நெல்லும் அதில்தான் வந்தன. படகு நின்றது, சாக்கடை நுழைந்தது. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் கதையும் ஏறக்குறைய இதுதான். ஓடாத நீர், ஆகாயத்தாமரை, இரு கரையிலும் நெருக்கியடித்த வீடுகள். கால்வாய்க் கரையில் சாயங்காலம் ஆறு மணிக்கு வாயைத் திறந்து பேசினால் கொசு உள்ளே போகும்.

1877-இல் கொசுவைப் பிடித்தாகிவிட்டது, 1900-இல் வழி தெரிந்துவிட்டது. மருந்து வந்தது 1947-இல். எழுபது வருஷ இடைவெளி. ஏழை நாடுகளின் நோய் என்பதால் அவசரம் இல்லை என்று நான் சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நெறி கட்டிக் கையும் விதையும் வீங்கத் தொடங்கிய பிறகுதான் ஆய்வுக்கூடங்களில் வேலை சூடுபிடித்தது. நியூயார்க் அருகே லெடர்லி நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களைப் பருத்தி எலிகளுக்கும் நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்த குழு, டைஎத்தில்கார்பமசின் என்ற பொருளில் வந்து நின்றது. சுருக்கமாக டி.இ.சி., அன்றைய கடைப்பெயர் ஹெட்ரசான். அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்றிருந்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

பீமவரத்தில் 1895-இல் பிறந்த சுப்பாராவ் படித்தது சென்னையில், சென்ட்ரல் எதிரே இருக்கிற மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். பக்கிங்ஹாம் கால்வாய் அங்கிருந்து நடைதூரம். காந்தி சொல் கேட்டுக் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது, பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலாகத் தற்காலிகமாகவாவது பலன் காட்டிய மருந்து, டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின் என்று அவருடைய கூடத்திலிருந்து வந்தவற்றை அடுக்கினால் வேறொரு கட்டுரை ஆகிவிடும். 1948-இல், ஐம்பத்து மூன்று வயதில் இறந்துபோனார்.

டி.இ.சி.யில் ஒரு விசித்திரம். கண்ணாடித் தட்டில் புழுக்குஞ்சுகளை வைத்து மேலே மருந்தை ஊற்றினால் அவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். அதே மருந்தை நோயாளி விழுங்கினால் ரத்தத்திலிருந்து சரசரவென்று காணாமல் போகும். மருந்து தானாகக் கொல்வதில்லை, நம் உடம்பின் காவல்படைக்குப் புழுவைக் காட்டிக்கொடுக்கிறது. இன்னொன்று, சின்ன அளவில் பகலில் கொடுத்தால் நுரையீரலில் ஒளிந்திருக்கும் குஞ்சுகள் கலைந்து விரல் ரத்தத்துக்கு ஓடிவரும். "தூங்கும்போது புடி" என்று ஆயா சொன்னதற்கு மருத்துவம் சொன்ன பதில் இது.

1955-இல் தேசிய யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டம் வந்தது. எங்கள் சந்துக்குப் பெட்டிக்காரர் வந்தது அதன் வழியாகத்தான். ராத்திரி எடுத்த ரத்தம் காய்ந்ததும், மறுநாள் கண்ணாடியைத் தண்ணீரில் அலசிச் சிவப்பை வெளியேற்றி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். ஒருமுறை தெரிந்தவர் புண்ணியத்தில் நானும் பார்த்தேன். அழுக்கு வெள்ளைப் பரப்பில் நீல ஊதா நிறத்தில், எழுதிப் பாதியில் விட்ட 'S' மாதிரி, இல்லை, நம் 'டு'வின் சுழி மாதிரி வளைந்து கிடந்தது. உள்ளே புள்ளி புள்ளியாக உயிரணுக்களின் கருக்கள். வால்நுனிவரை புள்ளி வராமல் காலியாக இருந்தால் பான்கிராஃப்டி. நுனியில் இரண்டு புள்ளி தனித்து நின்றால் அதன் பங்காளி, மலையி. அந்தக் கண்ணாடியில் ஒன்று தெரிந்தால் அந்தக் கதவு எண்ணுக்குப் பன்னிரண்டு நாள் மாத்திரை.

திட்டத்தின் பலவீனம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு ராத்திரியில் எத்தனை கதவைத் தட்ட முடியும்? பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் டார்ச் வெளிச்சம் தெரிந்ததும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார்கள். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கையே திருப்பிப்போட்டது. யாருக்குப் புழு என்று தேட வேண்டாம், ஊருக்கே வருஷத்துக்கு ஒருவேளை மாத்திரை கொடுத்துவிடுவோம், தாய்ப்புழு கிழடாகிச் சாகும்வரை குஞ்சு ரத்தத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் கொசுவுக்கு எடுத்துப்போக ஒன்றும் இராது. இந்தியாவில் 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் இது நடந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக நோயுற்றவர்கள் நீங்கலாக எல்லோருக்கும்.

கொடுப்பது வேறு, விழுங்குவது வேறு. "எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் எதுக்குப் போடணும்?" என்று அரிசி டப்பாமேல் வைத்த மாத்திரை அடுத்த வருஷம்வரை அங்கேயே இருக்கும். போட்டவர்களில் சிலருக்குக் காய்ச்சலும் தலைச்சுற்றலும் வரும், அதைக் கேட்டுத் தெருவே மிரளும். பெரும்பாலும் காய்ச்சல் வருவது யாருக்கென்றால் ரத்தத்தில் புழு இருப்பவருக்கு. செத்த குஞ்சுகளைப் பார்த்து உடம்பு கொதிக்கிறது. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமே மாத்திரையை வேண்டாம் என்பதற்குக் காரணமாகிவிட்டது. கண் முன்னால் விழுங்க வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

இதற்கிடையில் தாய்ப்புழு விடுகிற புரதத்தை ரத்தத்தில் கண்டுபிடிக்கிற அட்டைப் பரிசோதனை 1990களில் வந்தது. அந்தப் புரதத்துக்குப் பகல் ராத்திரி கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு விரலில் குத்தி எடுத்துப் பத்து நிமிஷத்தில் கோடு விழுகிறதா என்று பார்த்துவிடலாம். அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கோடு விழாவிட்டால் அண்மைக் காலத்தில் நோய் பரவவில்லை என்று பொருள். தமிழ்நாட்டில் பல மாவட்டங்கள் இந்தத் தேர்வில் தேறி மாத்திரையை நிறுத்தியிருக்கின்றன. நாடு முழுக்க 2027-க்குள் ஒழிப்பது என்பது இப்போதைய கெடு. இதற்கு முன் வைத்த கெடுக்கள் தாண்டிப்போயின.

ஆயாவுக்கு இதில் எதுவும் பெரிதாகப் படவில்லை. பன்னிரண்டு நாள் மாத்திரையும் போட்டாயிற்று, பிற்பாடு வருஷத்துக்கு ஒருவேளையும் போட்டாயிற்று. "கால் வத்தலையே" என்றது. ஆயா சொன்னது நியாயம். அந்த மாத்திரை அடுத்த வீட்டுக்காரருக்கு நோய் போகாமல் தடுக்கும். கெட்டுப்போன வடிகாலைச் சரிசெய்ய அதனால் முடியாது. ஆயாவைப் படுக்கவைத்தது வீக்கமும் இல்லை, அடிக்கடி வந்த குளிர்காய்ச்சல். அமாவாசை, பௌர்ணமிக்கு நெறி கட்டும் என்று சந்தில் எல்லோரும் நம்பினோம். காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் என்பது நிஜம். நிலாவைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டது நாம்தான். வீங்கிய தோலின் மடிப்பிலும் விரலிடுக்கிலும் விழும் வெடிப்பு வழியாகப் பாக்டீரியா நுழைகிறது, தேங்கிய நீரில் அது பெருகுகிறது, காய்ச்சல் வருகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கிறது. புழு எப்போதோ செத்திருக்கும், கால் வளர்ந்துகொண்டே இருக்கும்.

கடைசியில் ஒரு நாள் பகலிலேயே ஒரு சுகாதாரப் பணியாளர் வந்தார். சின்னப் பெண். கையில் பெட்டி இல்லை. ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு குளியல் சோப்பு, வெளுத்த பருத்தித் துணி, களிம்பு டியூப். ஆயாவை முக்காலியில் உட்காரவைத்துக் காலை எடுத்துத் தன் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சோப்பைக் கையில் நுரைத்து, தேய்க்காமல் தடவி, மடிப்புக்குள் விரல்விட்டு அழுக்கை எடுத்தார். தண்ணீர் தெளியும்வரை ஊற்றினார். பிறகு துணியை முறுக்கி ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து ஈரம் ஒற்றினார். தினமும் இப்படிச் செய்ய வேண்டும், தூங்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும், வெடிப்பு இருந்தால் களிம்பு. அவ்வளவுதான்.

ஆயா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தது. "இத சொல்றதுக்கா இத்தினி வருசமா ராத்திரில வந்து ரத்தம் எடுத்தீங்கோ?" என்றது. அந்தப் பெண் நிமிரவில்லை, நாலாவது விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.